எபிசோடு 47: காடையாம்பட்டி சிலந்தி

போன வாரம் எபிசோடு வரல. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ், அவ்வளவுதான். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

சேலம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மாம்பழம், ஜவ்வரிசி, ஸ்டீல் பிளான்ட், வெள்ளிக் கொலுசு. என்னைக் கேட்டா தட்டுவடை செட். ஆனா ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் ஒரு கூட்டம் இருக்கு. நம்மூர்ல லவ் பேர்ட்ஸ் வளர்க்கிற மாதிரி அவங்க கண்ணாடிப் பெட்டியில பெரிய பெரிய சிலந்தி வளர்ப்பாங்க. அவங்களுக்கு சேலம்னா ஒரு சிலந்திதான் ஞாபகம் வரும். 'சேலம் ஆர்னமென்டல்'னு அதுக்குப் பேரு. காலை விரிச்சா பெரிய ஆளோட உள்ளங்கையை மறைச்சிடும். சாம்பல், பழுப்பு, வெள்ளைன்னு கலந்து, முதுகுல யாரோ உட்கார்ந்து கோலம் போட்ட மாதிரி இருக்கும். மரப்பட்டையில ஒட்டிக்கிட்டா கண்ணுக்கே தெரியாது. மிரண்டா முன்னங்காலைத் தூக்கும், அப்போ காலுக்கு அடியில இருக்கிற மஞ்சள் பளிச்னு தெரியும்.

அறிவியல்ல அதோட பேரு பொய்சிலோதீரியா ஃபார்மோசா. 1899-ல லண்டன்ல இருந்த ஒருத்தர் வச்ச பேரு. எந்தச் சிலந்தியை மேசையில வச்சுக்கிட்டு அவர் அந்தப் பேரை எழுதினாரோ, அந்தச் சிலந்தி பிடிபட்ட இடம் காடையாம்பட்டி. ஓமலூர் பக்கத்துல, சேர்வராயன் மலையடிவாரத்துல இருக்கிற அதே காடையாம்பட்டிதான்.

நான் ராசிபுரத்துக்காரன். வாரக்கடைசியில பெங்களூருல இருந்து ஊருக்குப் போற பஸ்ல, ஓமலூர் தாண்டுறதுக்குள்ள காடையாம்பட்டி போர்டை எத்தனையோ தடவை பார்த்திருப்பேன். உலகத்துல சிலந்தி ஆராய்ச்சி பண்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஊர் அதுன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் எங்க அப்பா அந்தப் பக்கம் பல வருஷம் வேலை பார்த்தவர்.

பேரு வச்சவர் ரெஜினால்ட் இன்னஸ் போகாக். 1863-ல பிறந்தவர், 1885-ல லண்டன்ல இருக்கிற இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல வேலைக்குச் சேர்ந்தார். சிலந்தி, தேள், பூரான், மரவட்டை, இதெல்லாம் அவர் பொறுப்பு. பிரிட்டிஷ் ராஜ்ஜியம் முழுக்க இருந்து ஆளுங்க சாராய பாட்டில்ல பூச்சியைப் போட்டு லண்டனுக்கு அனுப்புவாங்க. காப்பித் தோட்ட முதலாளி, ராணுவ டாக்டர், ரயில்வே ஆள்னு யார் வேணா அனுப்பலாம். போகாக் பாட்டிலைத் திறந்து, லென்ஸ் வச்சு, கால்ல முடி எத்தனை, கண்ணு எப்படி அமைஞ்சிருக்குன்னு பார்த்து, ஏற்கெனவே பேரு இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணணும். 1899-ல அவர் இந்தப் பொய்சிலோதீரியா பேரினத்தை மட்டும் எடுத்துக்கிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதுல வந்ததுதான் ஃபார்மோசா, மெட்டாலிகா, ரீகாலிஸ் எல்லாம். லத்தீன்ல ஃபார்மோசான்னா அழகி. ரீகாலிஸ்னா அரசனுக்குரியது. மெட்டாலிகா உங்களுக்கே தெரியும். பேண்டைச் சொல்லல, உலோகம் மாதிரி மின்னுறது. பேரினத்தோட பேரு அதுக்கும் முன்னாடியே, 1885-ல, பாரிஸ்ல இருந்த யூஜின் சிமோன் வச்சது. கிரேக்கத்துல பல வண்ண மிருகம்னு அர்த்தம். நான் இதை 'புள்ளி மிருகம்'னு தமிழ்ப்படுத்தி வச்சிருக்கேன். யாரும் ஏத்துக்க வேண்டாம்.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும், ஏன்னா என்னை இந்த விஷயத்துக்குள்ள இழுத்ததே இதுதான். அந்த மூணு சிலந்தி பிடிபட்ட ஊரையும் வரிசையா பாருங்க. ஃபார்மோசாவுக்குக் காடையாம்பட்டி. ரீகாலிஸுக்கு அரக்கோணம். மெட்டாலிகாவுக்கு ஆந்திராவுல இருக்கிற குத்தி. இந்த மூணையும் மேப்ல வச்சுப் பார்த்தேன். அரக்கோணம், அந்தக் காலத்து மெட்ராஸ் ரயில்வே ரெண்டாப் பிரியுற ஜங்ஷன். ஒரு லைன் வடமேற்கா குத்தி வழியா பம்பாய் பக்கம் போகுது. இன்னொண்ணு ஜோலார்பேட்டை, சேலம்னு தென்மேற்கா இறங்குது. காடையாம்பட்டி வட்டாரத்துல டேனிஷ்பேட்டை, லோக்கூர் பக்கம் இன்னைக்கும் கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸ் அந்த லைன்லதான் ஓடுது. அதாவது மூணு சிலந்தியும் தண்டவாளத்து ஓரம்!

சிலந்திக்கு ரயில் பிடிக்கும்னு அர்த்தம் இல்லை. பிடிச்ச ஆள் ரயில் போற இடத்துல இருந்தார், அதான் விஷயம். குத்தியில அந்த நீலச் சிலந்தி கிடைச்சது ரயில்வேயோட மரக்கட்டை யார்டுல. எங்கேயோ காட்டுல வெட்டின மரத்தோட பொந்துக்குள்ள உட்கார்ந்து ரயில்ல வந்து இறங்கியிருக்கணும்னுதான் இப்போ நினைக்கிறாங்க. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல அதை யாரும் காட்டுல பார்த்ததா பதிவே இல்லை. 2001-லதான் நந்தியால், கித்தலூர் நடுவுல இருக்கிற கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல திரும்பக் கிடைச்சது. ஆனா உலகம் பூரா அது 'குத்தி சஃபையர்'தான். குத்தி ஊருக்கும் அதுக்கும் இருந்த சம்பந்தம், ஒரு டிக்கெட் இல்லாத பயணம்.

நம்ம பாஷையில சொன்னா, எர்ரர் எந்த மெஷின்ல லாக் ஆச்சுங்கிறது வேற, பக் எங்க இருக்குங்கிறது வேற. லாக்ல இருக்கிற ஊர் பேரைப் பார்த்துட்டு அங்கதான் அது வாழுதுன்னு நினைச்சா, தேடுறவன் நூறு வருஷம் தப்பான இடத்துல தேடுவான்.

சரி, இந்தப் பேரு வைக்கிற விதி எப்படி வேலை செய்யுது? ரொம்ப சிம்பிள், ஆனா கறாரானது. முதல்ல யார் ஒழுங்கா வெளியிட்டாங்களோ அவங்க வச்ச பேருதான் செல்லும். ரெண்டாவது வந்தவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், எவ்வளவு நல்லா எழுதியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இந்த வரிசை எங்க ஆரம்பிக்குதுன்னா 1758, லின்னேயஸோட புத்தகத்துல. அதுக்கு முன்னாடி வச்ச எந்த விலங்குப் பேரும் கணக்குல கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு, அது சிலந்திக்கு! கார்ல் கிளர்க்னு ஒரு சுவீடன்காரர். 1757-லயே சுவீடன் சிலந்திகளைப் பத்திப் படத்தோட ஒரு புத்தகம் போட்டுட்டார். அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வரல. அதனால விதியிலயே எழுதிட்டாங்க: கிளர்க் புத்தகம் 1758 ஜனவரி 1-ல வந்ததா வச்சுக்கணும், லின்னேயஸ் புத்தகத்துக்கு முந்தினதாவும் வச்சுக்கணும். ஒருத்தருக்காக டைம்ஸ்டாம்பைக் கையால மாத்தி, அதை டாக்குமென்டேஷன்லயும் போட்டிருக்காங்க. எனக்கு அந்த விதியை எழுதின கமிட்டி மேல தனி மரியாதை.

இன்னொரு விஷயம். பேருக்குப் பின்னாடி, வச்சவர் பேரும் வருஷமும் வரும். சில பேருக்கு அது அடைப்புக்குறிக்குள்ள இருக்கும், சிலதுக்கு இருக்காது. எனக்கு ரொம்ப நாள் அது ஸ்டைல் விஷயம்னு தோணுச்சு. இல்லை. அடைப்புக்குறி இருந்தா, அவர் வச்ச பேரினத்துல இருந்து பின்னாடி யாரோ அதை வேற பேரினத்துக்கு மாத்திட்டாங்கன்னு அர்த்தம். ஒரு வளைஞ்ச கோட்டுல மொத்த ஹிஸ்டரியும் இருக்கு.

உங்க வீட்டுச் சுவரையே எடுத்துக்கோங்க. ட்யூப்லைட் பக்கத்துல குதிச்சுக் குதிச்சு ஈ பிடிக்கும் பாருங்க, வலை பின்னாம, திரும்பி நம்மளையே முறைச்சுப் பார்க்கும். அதுல ரொம்பச் சாதாரணமா இருக்கிற ஒண்ணு பிளெக்சிப்பஸ் பைகுல்லி. ஆண் சிலந்தி கறுப்பு வெள்ளை வரி போட்ட ஜெர்சி மாதிரி இருக்கும். வெப்ப நாடுகள் முழுக்க மனுஷன் வீட்டோட சுத்துற சிலந்தி. பேரு வச்சவர் ஆடுவான், 1826, அடைப்புக்குறிக்குள்ள. பின்னாடி இருக்கிற கதை என்னன்னா, நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்துப் போனப்போ கூடவே விஞ்ஞானிகளையும் கூட்டிட்டுப் போனார். அதுல சவிக்னின்னு ஒருத்தர். எகிப்துல பிடிச்ச சின்னச் சின்ன உயிரினங்களை எல்லாம் நுணுக்கமா படமாக்கி வச்சார். ஆனா விளக்கம் எழுதுறதுக்குள்ள கண் பார்வை கெட்டுப் போச்சு. வெளிச்சமே தாங்க முடியாத நிலைமை. படம் மட்டும் இருக்கு, எழுத்து இல்லை. அரசாங்கம் அந்த வேலையை ஆடுவான் கிட்ட கொடுத்துச்சு. அவர் படத்தைப் பார்த்து விளக்கம் எழுதினார், பேரு வச்சார். அதனால உங்க ஹாலுல குதிக்கிற சிலந்திக்குப் பின்னாடி ஆடுவான் பேரு இருக்கு. படம் போட்டுக் கண்ணை இழந்த சவிக்னி பேரு அங்க இல்லை. முதல்ல வெளியிட்டவருக்குத்தான் பேருன்னு சொன்னேன்ல? அதோட விலை இது.

நாமக்கல் பக்கம் வந்துடலாம். மரவள்ளிக் காட்டு வரப்புல, கோழிப்பண்ணை வேலி ஓரம், கருவேல முள்ளுல அழுக்குத் துணியைச் சுருட்டி மாட்டின மாதிரி ஒரு கூடு தொங்கும். பார்த்திருப்பீங்க. உள்ள பத்து சிலந்தி இருக்கும், சில சமயம் நூத்துக்கணக்குல இருக்கும். சிலந்தி தனியா வாழுறதுதானே வழக்கம்? இது கூட்டுக்குடும்பம். வலையில வெட்டுக்கிளி மாட்டினா நாலஞ்சு பேர் சேர்ந்து இழுத்துட்டு வருவாங்க. குஞ்சுகளுக்குத் தாய், தான் சாப்பிட்டதைக் கக்கி ஊட்டும். கடைசியில குஞ்சுங்க அந்தத் தாயையே தின்னுடும். கொடுமைன்னு தோணும். அந்தத் தாய் தப்பிச்சு ஓடுறதில்லை. பேரு ஸ்டெகோடிஃபஸ் சாரசினோரம். குப்பம் பக்கத்துல வெளிநாட்டு ஆராய்ச்சியாளருங்க வந்து இந்தக் கூடுகளை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்க. குப்பம் எங்கன்னா, கிருஷ்ணகிரி தாண்டினா வந்துடும்.

சாரசினோரம்னா 'சாரசின்களோட' அப்படின்னு அர்த்தம், பன்மை. பால் சாரசின், ஃபிரிட்ஸ் சாரசின்னு சுவிட்சர்லாந்து பாசல் நகரத்துக்காரங்க ரெண்டு பேர். பெரியப்பா சித்தப்பா பசங்க மாதிரி ஒரு உறவு. 1880-கள்ல இலங்கைக்கு வந்து சேகரிச்சாங்க. அவங்க கொண்டு போன சிலந்திகளைப் பெர்லின்ல கார்ஷ்னு ஒருத்தர் பார்த்து 1892-ல பேரு வச்சார். எங்க ஊர் முள்ளுல தொங்குற கூட்டுக்குடும்பத்துக்குப் பாசல் நகரத்துப் பங்காளிங்க பேரு. நல்லாத்தான் பொருந்துது, ஆனா தற்செயல்.

எங்க ஊர்ல அதுக்கு என்ன பேருன்னு அம்மாச்சியைக் கேட்டேன். "எட்டுக்கால் பூச்சிக் கூடு, வேறென்ன?"ன்னாங்க. சுவத்துல இருக்கிறதும் எட்டுக்கால் பூச்சிதான், புளியமரத்துல இருக்கிறதும் எட்டுக்கால் பூச்சிதான். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னாங்க: "மேல பட்டா அக்கி வரும் சாமி, தொடாத." இது பாதி தமிழ்நாடு நம்புற விஷயம். உடம்புல வரிவரியா வர்ற கொப்புளம் பெரும்பாலும் அம்மையோட வைரஸ் பிற்காலத்துல திரும்ப வர்றதால வரும், இல்லைன்னா மழைக்காலத்துல லைட்டுக்கு வர்ற ஒரு சின்ன வண்டை நசுக்கிட்டா அந்த ரசம் பட்டு வரும். சிலந்தி மேல அந்தப் பழி வேண்டாம். ஆனா 'தொடாத'ங்கிறதை மட்டும் கேட்டுக்கோங்க. பொய்சிலோதீரியா கடிச்சா சாவு வந்ததா பதிவு இல்லை. ஆனா வலியும், நாள்கணக்குல தசைப்பிடிப்பும் வரும். இலங்கை ஆஸ்பத்திரிகள்ல பதிவாகியிருக்கு.

இந்தியாவுக்குள்ளயே உட்கார்ந்து சிலந்தி பார்த்தவங்களும் இருக்காங்க, அவங்களைச் சொல்லாம விட்டா அநியாயம். எழும்பூர் மியூசியத்துக்கு 1920-ல இருந்து 1940 வரைக்கும் தலைமையா இருந்தவர் கிரேவ்லி. பொந்துலயும் வளையிலயும் வாழுற இந்தியப் பெருஞ்சிலந்திகளைப் பத்தி 1915-லயும் 1935-லயும் எழுதியிருக்கார். அதே ஆளு 1932-ல, டி. என். ராமச்சந்திரனோட சேர்ந்து, மியூசியத்துல இருக்கிற தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளுக்கு அட்டவணை போட்டார். நீங்க எழும்பூர்ல பார்த்து வாயைப் பிளக்கிற அதே வெண்கலச் சிலைங்க. சிலந்தியோட காலும் சோழர் சிலையோட கையும் ஒரே ஆளு கண்ணுல அளந்தது. அவருக்கு ரெண்டும் ஒரே வேலையாத்தான் இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன்: பக்கத்துல பக்கத்துல வை, வித்தியாசத்தைப் பாரு, எழுதி வை.

சுதந்திரத்துக்கு அப்புறம் பெரிய பேரு, இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தோட டிக்காடர். 1987-ல அவர் போட்ட இந்தியச் சிலந்திக் கையேட்டை இன்னைக்கும் காலேஜ் பசங்க ஜெராக்ஸ் போட்டுப் படிக்கிறாங்க. அப்புறம் நம்ம கோயம்புத்தூர். மஞ்சு சிலிவால், சஞ்சய் மோளூர், இவங்கெல்லாம் அங்க இருந்துதான் வேலை பார்த்தாங்க. தெற்காசியப் பெருஞ்சிலந்திகளுக்குப் பொதுப்பேரு வச்சு 2004-ல ஒரு பட்டியல் வெளியிட்டாங்க, 'பாராசூட் சிலந்தி'ங்கிற பேரு அப்படிப் புழக்கத்துக்கு வந்ததுதான். 2008-ல சிவப்புப் பட்டியலுக்கு இந்தியாவோட பொய்சிலோதீரியாக்களை மதிப்பிட்டதும் இந்தக் குழுதான். ஃபார்மோசா, அழியும் ஆபத்துல இருக்கிற இனம். மெட்டாலிகா, ராமேஸ்வரத்துச் சிலந்தி, ரெண்டும் அதைவிட மோசமான நிலைமை.

ராமேஸ்வரத்துச் சிலந்தியா? ஆமாங்க. 2004-ல ஆண்ட்ரூ ஸ்மித்னு ஒரு ஆங்கிலேயர் விவரிச்சது. அங்க இருக்கிற அனுமன் கோயில் பேரை அப்படியே லத்தீனாக்கி ஹனுமவிலாசுமிகான்னு வச்சுட்டார். அப்புறம் அதே சிலந்தி மன்னார்லயும் கிடைச்சது. பாஸ்போர்ட் இல்லாத ஒரே ராமேஸ்வரத்துக்காரங்க இவங்கதான் போல. இலங்கையில இன்னொரு கதை. போர் முடிஞ்ச பிறகு வடக்குல, மாங்குளம் பக்கம் தேடப் போன நானயக்கார குழுவுக்குக் காட்டுக்குள்ள வழிகாட்டினவர் ஒரு போலீஸ் அதிகாரி, மைக்கேல் ராஜகுமார் புராஜா. அங்க கிடைச்ச புது இனத்துக்கு அவர் பேரையே வச்சு ராஜேயின்னு ஆக்கிட்டாங்க. இதைப் படிச்சப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நூறு வருஷமா கூடையைத் தூக்கினவன், மரம் ஏறினவன், பொந்தைக் காட்டினவன் பேரெல்லாம் எங்கயும் வந்ததில்லை. காடையாம்பட்டியில அந்த மரத்துல ஏறினது யாரோ ஒரு உள்ளூர்க்காரராத்தான் இருக்கணும்.

இப்போ பேரு வைக்கிறது இன்னும் ஜாலியாயிடுச்சு. கர்நாடகாவுல காய்ஞ்ச இலை மாதிரி இருக்கிற ஒரு சிலந்தி, ஹாரி பாட்டர் மந்திரத் தொப்பி சாயல், அதனால 2016-ல கிரிஃபிண்டோரி. 2019-ல ஒரு குதிக்கிற சிலந்திக்கு சச்சின் டெண்டுல்கர் பேரு. கிண்டல் பண்ணாதீங்க, பேரைக் கேட்டுத்தான் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறாங்க. உலகச் சிலந்திப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு. நார்மன் பிளாட்னிக் தொடங்கினது, இப்போ சுவிட்சர்லாந்து பெர்ன் மியூசியத்துல ஓடுது. 2022 ஏப்ரல்ல 50,000 இனத்தைத் தாண்டிடுச்சு. எல்லாமே இலவசம், எந்தப் பேரை எந்த வருஷம் யார் மாத்தினாங்கன்னு அதுல தேடலாம். இவ்வளவு ஒழுங்கா பராமரிக்கிற சேஞ்ச்லாகை நான் எந்தக் கம்பெனியிலயும் பார்த்ததில்லை.

இப்போதான் கஷ்டமான இடம். ஒரு புது இனத்தை அறிவிக்கணும்னா எங்க கிடைச்சதுன்னு எழுதணும், அது அறிவியல். துல்லியமா எழுதினா சிலந்தி கடத்துறவனுக்கு அது மேப். ஒரு பேரினத்துல புது பேரு வந்ததும் வாங்குறதுக்கு ஆள் ரெடியா இருக்கு. நீலக் குத்திச் சிலந்தி காட்டுல ரொம்பச் சின்ன இடத்துலதான் மிஞ்சியிருக்கு, ஆனா வெளிநாட்டுல தலைமுறை தலைமுறையா பெட்டிக்குள்ள இனப்பெருக்கம் பண்ணி விக்கிறாங்க. 2019-ல இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிஞ்சு, மொத்தப் பொய்சிலோதீரியா பேரினமும் சைட்ஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல வந்தது. அதாவது பெர்மிட் இல்லாம நாடு தாண்ட முடியாது. நம்ம வனவிலங்குச் சட்டத்துலயும் 2022 திருத்தத்துல சைட்ஸ் இனங்களுக்குத் தனி அட்டவணை சேர்த்துட்டாங்க. அதனால யாரும் பிடிச்சு பாட்டில்ல போட்டு ரீல்ஸ் எடுக்க வேண்டாம். கேஸ் ஆகலாம்.

இதெல்லாம் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. பொங்கல் லீவுல சேலம் மாவட்டத்துல ஒரு ஊர்ல, ஃபிரெண்டோட பெரியப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். அவரு தோட்டத்து ஓரத்துல கிழட்டுப் புளியமரங்க ஒரு வரிசை நிக்குது. நாலு வழிச் சாலை வந்தப்போ ரோட்டோரப் புளியமரங்க ஒண்ணொண்ணா போனதை எங்க செட்டு பசங்க எல்லாம் பஸ் ஜன்னல்ல இருந்து பார்த்திருக்கோம். இந்த மாதிரித் தோட்டத்துக்குள்ள இருக்கிறதுதான் தப்பிச்சது. இந்தச் சிலந்திங்களுக்குப் புது மரம் உதவாது. பொந்து விழ அம்பது, நூறு வருஷம் ஆகும்ல.

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். பெரியப்பா டார்ச்சை வாங்கி, "இங்க பாரு தம்பி, இதைத்தான் கேக்கிறியா?"ன்னு ஒரு பொந்தைக் காட்டினாரு. வாசல்ல வெள்ளையா நூல் படிஞ்சிருக்கு. அதுல ரெண்டு கால் மட்டும் வெளியில. வெளிச்சம் பட்டதும் உள்ள போயிடுச்சு, நான் 'ஐயோ'ன்னு சொல்றதுக்குள்ள! ரொம்ப வேகம். காத்திருந்தோம். அரை மணி நேரம் கழிச்சு முழுசா வெளிய வந்து பட்டை மேல உட்கார்ந்துச்சு. பக்கத்துலயே சின்னதா இன்னொண்ணு. இந்த வகைச் சிலந்திங்க ஒரே பொந்துல குடும்பமா இருக்கும்னு படிச்சதைக் கண்ணால பார்க்கிறேன். எனக்குக் கை நடுங்குது, பெரியப்பா அமைதியா பீடி பத்த வைக்கிறாரு.

"எத்தனை வருஷமாங்க பெரியப்பா இருக்கு?"ன்னு கேட்டேன்.

"எங்கப்பா காலத்துல இருந்து இருக்குது. நாங்க புளி உலுக்குறப்ப அந்தப் பொந்துல கை விட மாட்டோம். அது பாட்டுக்கு இருக்கு, நாம பாட்டுக்கு இருக்கோம்."

இது லண்டன்ல பேரு வச்ச இனம்னு சொன்னேன். "என்ன பேரு?"ன்னாரு. சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தாரு, வரல. "அழகின்னு அர்த்தம்ங்க"ன்னேன். அதுக்கு மட்டும் சிரிச்சாரு. அப்புறம், "வெலைக்குப் போகுமா?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு உடனே வரல. போகும்னு சொன்னா ஒண்ணு, போகாதுன்னு பொய் சொன்னா இன்னொண்ணு. "பிடிச்சா ஜெயிலுங்க"ன்னேன். "அப்ப இருந்துட்டுப் போகட்டும்"னுட்டாரு. மரத்தை வித்துடலாமான்னு அவர் மகன் ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டிருக்கானாம். விறகுக் கடைக்காரரு வந்து அளந்தும் பார்த்துட்டுப் போயிருக்காரு. மரத்துக்கு ஒரு விலை இருக்கு, அந்தப் பணத்துக்கு அந்த வீட்டுல தேவையும் இருக்கு. நான் பெங்களூருல உட்கார்ந்துக்கிட்டு வெட்டாதீங்கன்னு சொல்றது ரொம்ப ஈஸி.

இன்ஸ்டாவுல அந்தப் படம் போட்டதுல இருந்து 'ப்ரோ லொகேஷன்' மெசேஜ் நிறைய வருது. தர மாட்டேன். ஊர் பேரு, தாலுகா எதையுமே இந்த எபிசோடுல நான் சொல்லல, கவனிச்சிருப்பீங்க. போன்ல எடுக்கிற படத்துக்குள்ளயே ஜிபிஎஸ் ஒளிஞ்சிருக்கும். வாட்ஸ்அப்ல டாக்குமென்டா அனுப்பினா அது அப்படியே போகும். ஐநேச்சுரலிஸ்ட்ல போடுறவங்க லொகேஷன் செட்டிங்ல 'மறைச்சு'ன்னு வச்சுப் போடுங்க. ஆபத்துல இருக்கிற இனம்னா அதுவே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் சதுரத்துக்குள்ள எங்கேயோ ஒரு புள்ளியைத்தான் காட்டும். ஆனா இனம் என்னன்னு முடிவாகாத வரைக்கும் அதை நம்ப வேண்டாம், நீங்களே கையால மறைச்சுடுங்க.

முடிவாகலைன்னு ஏன் சொல்றேன்னா, நான் போட்ட படத்துக்கு ரெண்டு பேர் பதில் போட்டாங்க. ரெண்டு பேருமே 'பொய்சிலோதீரியா'ன்னு பேரினத்தோட நிறுத்திட்டாங்க. ஃபார்மோசாவா இருக்கலாம், ரீகாலிஸாவும் இருக்கலாம். ரீகாலிஸ் தென்னிந்தியாவுல பரவலா இருக்கிற இனம். முதுகை வச்சு மட்டும் சொல்ல முடியாது, காலோட அடிப்பக்கத்துல கறுப்பும் மஞ்சளும் எப்படி மாறி மாறி வருதுன்னு பார்க்கணும். போகாக் 1899-லயும் அதைத்தான் பார்த்தார். என் படத்துல அது பட்டையோட ஒட்டி உட்கார்ந்திருக்கு. சித்திரைக்கு ஊருக்குப் போறப்போ, மரம் அப்பவும் நின்னா, பெரியப்பாவோட டார்ச்சைக் கடன் வாங்கிக்கிட்டு அது காலைத் தூக்குற வரைக்கும் உட்கார்ந்திருக்கப் போறேன்.